ரின் கட்டர் வாங்கும் முன்



நல்லூர்க் கொடியேற்றம் நெருங்குகிறது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் ஒஸ்லோவிலும் பெட்டிகள் நிறையத் தொடங்கியிருக்கும். ஊரில் தனித்திருக்கும் அம்மாவுக்கு, மாமிக்கு, பெரியப்பாவுக்கு என்ன கொண்டுபோகலாம் என்று யோசிக்கிற பிள்ளைகள் அண்மைக்காலமாக அந்தப் பெட்டிக்குள் வைக்கும் சாமான்களில் ஒன்று, மின்சாரத்தில் ஓடும் ரின் கட்டர். சொக்லேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் அதுவும் வந்து இறங்குகிறது. இறங்கிய பிறகு அதற்கு என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு கதைக்க நினைத்தேன். சில வீடுகளில் அது குசினி அலுமாரியின் மேல்தட்டில் பெட்டி பிரிக்காமலே இருக்கிறது. சில வீடுகளில் முதல் நாளே புகைந்துபோய்விட்டது. வேறு சில வீடுகளில் "சுத்துது பிள்ளை, ஆனா வெட்டுதில்லை" என்ற குறையோடு லாச்சிக்குள் கிடக்கிறது. ஒழுங்காக ஓடி, ஒரு வயோதிபரின் சமையலை இலகுவாக்கிக் கொடுக்கிற கட்டர்களும் இருக்கின்றன. எது எந்த வகையில் சேரும் என்பது பெரும்பாலும் வாங்குகிற கடையிலேயே முடிவாகிவிடுகிறது.

"ஒரு ரின் வெட்டவும் மெசினா?" என்று கேட்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அவர்களுக்கு முதலில் பதில் சொல்லவேண்டும். சாதாரணக் கைக் கட்டரைப் பிடித்துப் பாருங்கள். ஒரு கை இரண்டு பிடிகளையும் சேர்த்து விடாமல் இறுக்கவேண்டும்; அதே நேரத்தில் மற்றக் கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் அந்தச் சின்னத் திருகை முறுக்கிக்கொண்டே போகவேண்டும். வயது போகப் போக மூட்டுத் தேய்வு வந்து குந்துகிற இடங்களில் ஒன்று பெருவிரலின் அடிமூட்டு. போத்தல் மூடி, பூட்டுத் திறப்பு, ரின் கட்டர் என்று கிள்ளிப் பிடித்து முறுக்குகிற வேலை எல்லாம் நேராக அந்த மூட்டில்தான் போய் வலிக்கும். பாரிசவாதத்தில் ஒரு பக்கம் தளர்ந்தவருக்கு, கை நடுங்குகிறவருக்கு, போரில் ஒரு கையை இழந்தவருக்கு அந்தக் கட்டர் இருந்தும் இல்லாததற்குச் சமம். 1987 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையம் செயற்கைக் கால், கை பொருத்திக்கொடுத்து வந்திருக்கிற ஊர் இது. ஒரு கையால் சமைப்பவர்கள் நம் ஒழுங்கைகளில் இருக்கிறார்கள். இடக்கைப் பழக்கம் உள்ளவர்களையும் மறக்கக்கூடாது. கைக் கட்டர்களில் பெரும்பாலானவை வலக்கைக்காரருக்காகவே செய்யப்பட்டவை.

இவர்கள் எல்லாரும் கடைசியில் என்ன செய்கிறார்கள்? கத்தியின் நுனியை மூடியில் வைத்துக் குழவியாலோ கல்லாலோ தட்டித் திறக்கிறார்கள். கத்தி வழுக்கினால் உள்ளங்கை. வழுக்காவிட்டால் மூடியின் கிழிந்த விளிம்பில் விரல். பிறகு ஆஸ்பத்திரி, தையல், ஏற்பு ஊசி. ஆடம்பரம் என்று ஒதுக்குவதற்கு முன் இந்தக் கணக்கையும் பார்க்கவேண்டும்.

உலகத்துக்கே இந்தப் பிரச்சினை இருந்தது. தகரப் பேணியில் உணவு அடைக்கும் உரிமத்தை லண்டனில் பீற்றர் டுராண்ட் பெற்றது 1810 இல். 1813 இல் அங்கே பிரையன் டொங்கின் என்பவரும் பங்காளிகளும் தொழிற்சாலை நடத்தத் தொடங்கிவிட்டார்கள். பேணியைத் திறக்க ஒரு கருவி வேண்டும் என்பதற்கு விடை கிடைக்க நாற்பது வருடங்களுக்கு மேல் பிடித்தது. அதுவரை உளியும் சுத்தியலும்தான். 1855 இல் இங்கிலாந்தின் றொபேட் யேற்ஸ், 1858 இல் அமெரிக்காவின் எஸ்றா வோர்னர் என்று குத்திக் கிழிக்கும் கருவிகள் வந்தன. 1870 இல் வில்லியம் லைமன் சுற்றி ஓடும் வெட்டுச் சில்லைக் கொண்டுவந்தார். 1925 இல் பேணியின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் பல்லுச் சில்லு அதோடு சேர்ந்தது. இன்றைக்கு எங்கள் லாச்சிக்குள் கிடக்கும் கைக் கட்டர் அந்த வழியில் வந்ததுதான். மோட்டர் பூட்டும் முயற்சி 1930 களிலேயே நடந்தாலும், வீடுகளுக்குள் நுழைந்தது 1956 டிசம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மாதிரியோடுதான். ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஒன்றே ஒன்று: கை போடவேண்டிய பலம். அதனால்தான் மின்சாரக் கட்டரை நான் சோம்பேறிச் சாமானாகப் பார்ப்பதில்லை.

சுற்றிவரக் கடல் இருக்கிற ஊருக்கு ரின் மீன் எதற்கு என்ற கேள்வியும் வரும். பாசையூரிலும் குருநகரிலும் பருத்தித்துறையிலும் உடன்மீன் கிடைக்கிறதுதான். சந்தைக்குப் போய் வர, வெட்டிக் கழுவ ஒருவர் வேண்டுமே. மாரியில் கடல் கொந்தளித்தால் வள்ளம் இறங்காது. அப்போது 425 கிராம் ரின் மீன் ஒன்றும் இரண்டு வெங்காயமும் பச்சைமிளகாயும் தேசிக்காய்ப்புளியும் இருந்தால் பிட்டுக்கோ பாணுக்கோ ஒரு கறி தயார். பிறந்தநாள் வீட்டுக் கட்லற்றுக்கும் ரோல்ஸுக்கும் அதுதான் கை கொடுப்பது. நல்லூரில் கொடி ஏறிவிட்டால் 25 நாளும் மச்சம் காய்ச்சாத வீடுகளில்கூட ரின்பாலும் அன்னாசிப் பேணியும் காளான் பேணியும் திறக்கவேண்டியிருக்கும்.

இனி வாங்குகிற விஷயத்துக்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து வரும் கட்டரில் நான் முதலில் தேடச் சொல்வது அதன் அடியில் ஒட்டியிருக்கும் சின்ன எழுத்து. இலங்கையில் மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். கனடாவிலும் அமெரிக்காவிலும் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். அங்கே கடையில் விற்கும், வயர் உள்ள கட்டரை இங்கே கொண்டுவந்து சொருகினால் அதற்குள் போகும் வோல்ற் ஏறத்தாழ இரண்டு மடங்கு. வோல்ற் இரட்டித்தால் உள்ளே பிறக்கும் சூடு நாலு மடங்காகும். சுருள் கருகும் மணம் வர அதிக நேரம் எடுக்காது.

படித்த பிள்ளைகளே இதில் ஏமாறுவதற்குக் காரணம் இருக்கிறது. கைத்தொலைபேசியின் சார்ஜரும் மடிக்கணினியின் சார்ஜரும் கனடாவிலிருந்து வந்து இங்கே ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்கின்றன. பிளக்கின் கால் மட்டும்தான் வேறு, ஒரு அடப்ரர் போட்டால் சரி என்ற எண்ணம் அதிலிருந்து வருகிறது. அந்தச் சார்ஜர்களில் 100 இலிருந்து 240 வோல்ற் வரை என்று அச்சடித்திருக்கும். எந்த நாட்டிலும் ஓடும்படிதான் அவற்றைச் செய்திருக்கிறார்கள். குசினிச் சாமான்களில் அப்படி இருப்பது அரிது. அடப்ரர் காலின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ற்றை மாற்றாது. கனடாவிலிருந்து வருகிறவர்கள் இந்த ஒரு வரியையாவது உங்கள் அண்ணன் தம்பிகளுக்கு அனுப்பிவிடுங்கள்.

வோல்ற் இறக்கும் ட்ரான்ஸ்போமர் வைத்து ஓட்டலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஓட்டலாம். கட்டர் 70 வாற் என்றால் அதன் இரண்டு மடங்கு தாங்கக்கூடிய, இரும்பு உள்ளீடு கொண்ட கனமான ட்ரான்ஸ்போமர் வேண்டும். பயணிகளுக்கென்று விற்கும் இலேசான மாற்றிகளில் பல, சூடாக்கும் சாமான்களுக்கென்று செய்தவை, மோட்டருக்கு ஒத்துவராது. சரியானதை வாங்கினாலும் ஹேர்ட்ஸ் மாறாது. 60 க்குச் செய்த மோட்டர் 50 இல் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், வழக்கத்தைவிடக் கூடச் சூடாகும். ஒரு ரின்னுக்காக இத்தனையையும் எழுபது வயது அம்மாவின் குசினி மேசையில் அடுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

லண்டன்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கேயும் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். பிளக்கும் எங்கள் 13 அம்பியர் சதுரக் கால் பிளக்தான். இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அந்தப் பிளக்கையே நாட்டின் ஒரே நியமமாக்க முடிவெடுத்திருக்கிறது. பழைய வீடுகளில் இன்னும் உருண்டைக் கால் சொக்கற் இருக்கும்; அதைப் பார்த்துவிட்டு வாங்கவேண்டும். பிரான்ஸ், ஜேர்மனி, நோர்வே, சுவிஸ், அவுஸ்திரேலியா எல்லாம் வோல்ற்றில் எங்களோடு ஒத்தவை, காலில் வேறுபட்டவை. இங்கே நல்ல அடப்ரர் ஒன்று போதும். அடப்ரர் இல்லாமல், 13 அம்பியர் சொக்கற்றின் மேல் ஓட்டைக்குள் பேனை மூடியையோ ஈர்க்கையோ குத்தி வழிவிட்டு, இரண்டு கால் பிளக்கைச் செருகுகிற பழக்கம் எங்கள் வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கால் இறுகப் பிடிக்காது, தீப்பொறி பறக்கும், சொக்கற் உருகும்.

கறண்ட் பில் பற்றிப் பயப்படத் தேவையில்லை. 60 வாற் கட்டர் அரை நிமிடம் ஓடி ஒரு ரின் வெட்டுகிறது என்று வைத்தால், ஒரு அலகு மின்சாரத்தில் 2000 ரின் வெட்டலாம்.

வயர் இல்லாமல் பற்றறியில் ஓடுகிற வகைக்கு வோல்ற் கவலை இல்லை. எந்த நாட்டில் வாங்கினாலும் இங்கே ஓடும். ரின்னுக்கு மேலே வைத்து ஒரு பொத்தானை அமத்தினால் தானே கவ்விக்கொண்டு, விளிம்பைச் சுற்றி ஓடி, முடிந்ததும் நின்றுவிடும். ஒரு கை மட்டும் உள்ளவருக்கும் நடுக்கம் உள்ளவருக்கும் நான் சொல்வது இதைத்தான். ரின்னின் கீழே ஈரத்துணி ஒன்றை விரித்துவிட்டால் அது வழுக்காது. பிடிக்கவேண்டிய தேவையே இல்லை. மேசையில் நிற்கும் வயர் வகையில் ரின்னைத் தூக்கிச் சில்லுக்கும் அலகுக்கும் நடுவில் சரியாகக் கொடுக்கவேண்டும். அது கவ்வும்வரை தாங்கிப் பிடிக்கவும் வேண்டும். நிறைந்த 425 கிராம் ரின்னைத் தளர்ந்த மணிக்கட்டோடு அப்படித் தாங்குவது சுலபமில்லை. மாறாக, ஆட்கள் கூடிய வீடு, அடிக்கடி கட்லற் போடுகிற வீடு, சின்னச் சாப்பாட்டுக்கடை என்றால் வயர் வகைதான் பலமானது, வேகமானது. உயரமான பால்மா ரின் அதன் கீழே நிற்குமா என்று அளந்து பாருங்கள்.

வெட்டும் விதத்திலும் இரண்டு உண்டு. ஒன்று மூடியின் மேற்பக்கத்தில், விளிம்புக்கு உள்ளே வெட்டும். மூடி கறிக்குள் விழாமல் காந்தம் பிடிக்கும். ஆனால் மூடியின் ஓரம் சவர அலகுபோல் கூராக இருக்கும். மற்றது விளிம்பின் வெளிப்பக்கத்தில் மடிப்பைப் பிரித்துவிடும். மூடி அப்படியே கழன்று வரும், கூர் குறைவு. கண்பார்வை மங்கியவர் இருக்கிற வீட்டுக்கு இரண்டாவதைத் தேடி வாங்குங்கள்.

பற்றறி வகையின் குறை பற்றறிதான். இதைச் சொல்லும்போது எங்கள் ஊரின் ஒரு பழக்கத்தையும் சொல்லவேண்டும். 1990 களில் குடாநாட்டுக்குள் பற்றறி கொண்டுவரத் தடை இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்டார்கள். ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். தீர்ந்த பற்றறியை வெயிலில் காயவைத்து மறுபடி போட்டுப் பார்த்த தலைமுறை அது. அந்தச் சிக்கனம் இன்றும் கையில் இருக்கிறது. நாலு பென்ரோச் பற்றறியில் இரண்டு புதிது, இரண்டு சுவர் மணிக்கூட்டிலிருந்து கழற்றியது என்று போடுவார்கள். மணிக்கூட்டுக்கு அது போதும். ரின் வெட்டும் மோட்டர் கேட்கிற பலம் வேறு. நாலும் ஒரே வகையாக, ஒரே நேரத்தில் வாங்கிய அல்கலைன் பற்றறியாக இருக்கவேண்டும். மலிவான சாதாரணப் பற்றறியில் இரண்டு ரின் வெட்டிவிட்டு மூன்றாவதில் பாதி வழியில் நின்றுவிடும். "மெசின் பழுது" என்று வரும் முறைப்பாடுகளில் பல இதிலேயே தீர்ந்துவிடும்.

பாதி வழியில் நிற்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. அவற்றைப் புரிந்துகொள்ள ரின்னின் விளிம்பைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். மூடியின் ஓரமும் உடலின் ஓரமும் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து நசுக்கப்பட்டிருக்கும். அந்த மடிப்புக்குள் ஐந்து தட்டுத் தகரம். உடலைச் சுருட்டி ஒட்டிய நெடுக்கு ஒட்டு ஒன்று மேலிருந்து கீழாக ஓடும். அந்த ஒட்டு வந்து விளிம்பைத் தொடுகிற இடம் இன்னும் தடிப்பு. கட்டரை அந்த ஒட்டின் மேலேயே வைத்துத் தொடங்கினால் அலகு குத்தி இறங்காமல் வழுக்கும். ஒட்டைத் தாண்டி ஒரு விரல் தள்ளித் தொடங்குங்கள். கடைசிச் சுற்றில் அதைக் கடக்கும்போது ஓட்டத்தின் வேகம் இருக்கும், தாண்டிவிடும். விளிம்பு நசுங்கிய ரின்னில் பல்லுச் சில்லு பிடி விட்டுவிடும். நசுங்கிய இடத்தையும் தவிர்த்துத் தொடங்கவேண்டும். உண்மையில் விளிம்பில் நசுங்கிய ரின்னைக் கடையிலேயே வாங்காமல் விடுவது நல்லது; மடிப்பு விட்டிருந்தால் உள்ளே காற்றுப் போயிருக்கும்.

எல்லா ரின்னையும் எந்தக் கட்டரும் வெட்டாது. இழுத்துத் திறக்கும் வளையம் உள்ள மூடியில் வளையம் தடக்கும். வளையம் கையோடு கழன்று வந்துவிட்டால், ரின்னைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். அடியிலும் விளிம்பு இருந்தால் கட்டர் வெட்டும். அடி வழுவழுப்பாக வளைந்து உடலோடு ஒன்றாக இருந்தால் அது ஒரே தகட்டில் அழுத்திச் செய்த ரின். அங்கே கவ்வ ஒன்றுமில்லை. நீள்சதுர ரின்னிலும் நீள்வட்ட ரின்னிலும் பற்றறிக் கட்டர் மூலையில் சிக்கும். ரின்பாலை முழுதாக வெட்டினால் உடனே போத்தலில் ஊற்றி மூடவேண்டும். இரண்டு ஓட்டை குத்தி எடுத்துவிட்டு எறும்போடு போராடுவதைவிட அது மேல்.

"சுத்துது, வெட்டுதில்லை" என்ற அந்தக் குறைக்கு வருகிறேன். பத்தில் ஒன்பது என்று நான் கணக்குச் சொல்லப்போவதில்லை, ஆனால் முதலில் பார்க்கவேண்டியது அழுக்குத்தான். ரின் மீன் தண்ணீரும் எண்ணெயும் லேபல் கடதாசியின் பசையும் சேர்ந்து பல்லுச் சில்லின் இடுக்குகளில் இறுகிப்போயிருக்கும். பல் மூடினால் அது விளிம்பைப் பிடிக்காது; சில்லு சுற்றும், ரின் நகராது. பிளக்கைக் கழற்றிவிட்டு, அல்லது பற்றறியை எடுத்துவிட்டு, பழைய பல்லுப் பிரஷைச் சவர்க்காரச் சுடுதண்ணீரில் தோய்த்துத் தேயுங்கள். வெட்டும் தலை கழன்று வருகிற மாதிரி என்றால் கழற்றிக் கழுவுங்கள். மோட்டர் உள்ள உடலைத் தண்ணீரில் அமுக்கவே கூடாது. கழுவியதும் துடைத்துக் காயவிடுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளிருந்து வருவது. கேத்திலின் அடியில் படிகிற அதே வெள்ளை, துடைக்காத அலகிலும் படியும். தேசிக்காய்த் துண்டால் தேய்த்தால் போய்விடும். சில்லுக்குச் சமையல் எண்ணெய் விடாதீர்கள், நாள் போகப் பிசினாகிவிடும். தையல் மெசின் எண்ணெய் சாப்பாட்டில் படுகிற இடத்துக்கு ஆகாது.

அழுக்கு இல்லாமலும் வெட்டவில்லை என்றால், அலகு மூடியைக் குத்தி இறங்கியதா என்று பாருங்கள். வயர் வகையில் மேலே உள்ள பிடியை முழுதாக அமத்தாவிட்டால் அலகு மேலோடிக் கீறும். முழுதாக அமத்தியும் கீறுகிறது, மயிர்போல் மெல்லிய தகரச் சீவல் விழுகிறது என்றால் அலகு மழுங்கிவிட்டது. ஒரே ரின்னை இரண்டு மூன்று முறை சுற்றவிட்டாலும் இந்தச் சீவல் வரும். ஒரு சுற்றோடு நிறுத்துங்கள். சீவல் கறிக்குள் விழுந்ததாகச் சந்தேகம் வந்தால் அந்தக் கறியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டாம்.

பற்றறிக் கட்டர் ரின்னைப் பிடித்தபடியே செத்துக் கிடந்தால் இழுக்காதீர்கள். இழுத்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்ரிக் பற்சில்லு உடையும். புதுப் பற்றறியை அப்படியே போட்டுப் பொத்தானை ஒரு முறை அமத்துங்கள். பெரும்பாலும் சுற்றை முடித்துத் தானே விடும். பற்றறிப் பெட்டிக்குள் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் பற்றறி கசிந்திருக்கிறது. பஞ்சில் தேசிக்காய்ப்புளியோ வினாகிரியோ தொட்டுத் துடைத்து, காயவைத்து, பிறகு புதிதைப் போடுங்கள். கண்ணிலும் தோலிலும் படாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். தீவுப்பகுதியிலும் வடமராட்சிக் கரையிலும் உப்புக்காற்றில் அந்தத் தகட்டுக் கம்பிகள் துரு ஏறும். பாவிக்காத மாதங்களில் பற்றறியைக் கழற்றி வைப்பது அந்த வீடுகளுக்குக் கட்டாயம்.

வயர் கட்டர் உறுமுகிறது, ஓடவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். சில்லில் ஏதாவது சிக்கியிருக்கலாம். மாலையில் வோல்ற் விழுகிற இடங்களில் இது நடக்கும். விளக்குகள் மங்கலாக இருந்தால் காத்திருங்கள். தொடர்ந்து பல ரின் வெட்டியதால் சூடேறி நின்றிருந்தால் ஆறவிட்டால் சரி; இந்த மோட்டர்கள் நீண்டநேரம் ஓடச் செய்யப்பட்டவை அல்ல. "டக் டக்" என்று உள்ளே தாவுகிற சத்தம் வந்தால் பற்சில்லு போய்விட்டது. கருகிய மணம் வந்தால் மோட்டர் போய்விட்டது. இந்த இரண்டுக்கும் செலவழிக்காதீர்கள். அலகு, சுவிச், வயர் ஆகிய மூன்றில் உள்ள பழுதுக்கு மட்டும் திருத்துபவரிடம் கொண்டுபோங்கள்.

எந்தக் கட்டராக இருந்தாலும், வெட்டுவதற்கு முன் ரின்னின் மேற்பக்கத்தைக் கழுவித் துடையுங்கள். களஞ்சிய அறைகளில் எலியும் கரப்பானும் ஓடிய தகரம் அது. 2024 டிசம்பரில் எலிக்காய்ச்சல் எங்கள் குடாநாட்டில் உயிர்களைக் கொண்டுபோனதை மறந்திருக்கமாட்டீர்கள். அந்த நோய் பெரும்பாலும் சேற்றுநீராலும் வெள்ளநீராலும் வருவது. என்றாலும் அழுக்கு மூடியை வெட்டும் அலகு கறிக்குள்தான் இறங்குகிறது. உப்பிய ரின்னைத் திறக்கவே வேண்டாம். மிச்சத்தை ரின்னோடு குளிர்சாதனப் பெட்டியில் வைக்காமல் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

இத்தனை சொன்னபிறகும் கைக் கட்டர் ஒன்று வீட்டில் இருந்தே ஆகவேண்டும் என்பேன். 2008 இல் நிஷா புயலும் 2020 இல் புரெவியும் வந்தபோது ரின் மீன் தேவைப்பட்டது, கறண்ட் இல்லை. 2022 இல் நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு. பிடி தடித்த, திருகு நீண்ட கைக் கட்டரை வாங்கிக் குசினியில் கண்ணில் படுகிற ஆணியில் தொங்கவிடுங்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால்: கை தளர்ந்தவர் தனியே வாழும் வீட்டுக்கு, மடிப்பைப் பிரித்துத் திறக்கும் பற்றறிக் கட்டரும் ஒரு செற் புது அல்கலைன் பற்றறியும். ஆட்கள் கூடிய வீட்டுக்கு, 230 வோல்ற் என்று அச்சடித்த, வெட்டும் தலை கழன்று வருகிற வயர் கட்டர். மற்றவர்களுக்கு நல்ல கைக் கட்டரே போதும், காசை வீணாக்கவேண்டாம். கொண்டுவந்து கொடுக்கிற பிள்ளைகள், பெட்டியைப் பிரித்து, அம்மாவின் கையாலேயே இரண்டு ரின் வெட்டவைத்துவிட்டுப் போகவேண்டும். பெட்டிக்குள் இருக்கிற ஆங்கிலக் கையேட்டை அவர் வாசிக்கப்போவதில்லை.

யாழ் நகரில் இந்தச் சாமான்களை விற்கும் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். மேசையில் ஒரு வெறும் ரின்னை வைத்து, வாங்க வருகிறவர் தன் கையால் கட்டரைப் பூட்டிப் பார்க்க விடுங்கள். மாற்று அலகும் வாங்கி வையுங்கள். அலகு கிடைக்காததால் நல்ல மோட்டர்கள் குப்பைக்குப் போகின்றன. வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரில் மிக்சி, ஃபான், ரின் கட்டர் போன்ற சின்ன மின்சாமான்களை நேர்மையான கூலிக்குத் திருத்திக்கொடுக்கும் ஒருவரைத் தெரிந்தால், அவருடைய சம்மதத்தோடு கடையின் விவரத்தை எழுதி அனுப்புங்கள். வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று பகுதி பிரித்து அடுத்த இதழில் பிரசுரிக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்